காற்றுக்கு அணை தேடிய அறிஞர்

பொதிகை மலையினின்று பொருநையாறு சமவெளிக்கு இறங்கும் இடத்தில் அமைந்த ஊர் பாபநாசம். தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழைநீரைக் காரையாற்று அணை தேக்கி வைக்கின்றது. அந்நீரின் வீழ்ச்சியால் 1944-ஆம் ஆண்டு முதல் அங்கு மின்சாரம் ஆக்கப்பெற்று வருகின்றது. மழை நின்ற பின்னரும் தேங்கிய நீர் பயன் தரும். கிழக்கே, கயத்தாற்றுப் பகுதியில் அதே காற்றால் சுழலும் காற்றாலைகளுக்கு இப்பேறு இல்லை. காற்று ஓய்ந்தால் அவையும் ஓய்ந்துவிடும். நீருக்கு அணை கட்டலாம். காற்றுக்கு அணை கட்ட இயலுமோ? இயலும் என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே வழி கூறியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் விஞ்ஞானி.

ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் நிலக்கரிச் சுரங்கங்களின் நச்சு வாயுக்களை ஆராய்ந்த அறிஞர். ஒருமுறை அவர் தம் மைந்தனைச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்று, எழுந்து நின்று நாடகப் பகுதி ஒன்றை ஒப்புவிக்கச் செய்தார். சிறிது நேரத்தில் சிறுவன் தலைசுற்றித் தரையில் விழுந்தான். விழுந்தபின் தெளிவு பெற்றான். சுரங்க எரிவாயு காற்றினும் இலேசானது, ஆதலால் மேலேயே தங்கும் என்னும் உண்மையை அவன் தன் உடலாலேயே கற்றான். நிலக்கரி வெட்டுவோர் நாள்தோறும் எதிர்கொண்ட இடர் அதுவே.

வளர்ந்தபின் ஹால்டேன் உயிரியலில் பெரும்புகழ் எய்தினார். 1923-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையில், நிலக்கரியும் எண்ணெயும் ஒருநாள் தீர்ந்துபோகும் என்று எடுத்துரைத்தார். அப்போது நாடெங்கும் காற்றாலைகள் நின்று மின்சாரம் தரும். பலத்த காற்று வீசும் நாளில் மிகும் மின்சாரத்தால் நீரை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரிக்கலாம். அவற்றைத் திரவமாக்கி நிலத்தடித் தொட்டிகளில் சேமிக்கலாம். காற்றில்லாத நாளில் இரண்டையும் மீண்டும் சேர்த்து மின்சாரம் பெறலாம். புகையும் சாம்பலும் தோன்றா. இந்நிலை வர நானூறு ஆண்டுகள் ஆகலாம் என்பது அவர் மதிப்பீடு.

1957-ஆம் ஆண்டு ஹால்டேன் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றினார். 1961-இல் இந்தியக் குடிமகன் ஆனார். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் விருப்பப்படி அவரது உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பெற்றது.

உலகம் வெப்பமடைவதை அவர் அன்று கருதவில்லை. இன்று அதுவே அவர் கருத்துக்குப் புத்துயிர் அளித்துள்ளது. ஆயினும் தடைகள் உள. உலகில் இன்று ஆக்கப்பெறும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவினின்றும் நிலக்கரியினின்றும் கிடைப்பது. அம்முறையில் கரியமில வாயு வெளிப்படும். நீரைப் பிரித்துப் பெறுவதற்கோ செலவு மிகுதி. மீண்டும் மின்சாரமாக்குவதற்குள் ஆற்றலில் பாதிக்குமேல் வீணாகும். எனவே, உரமும் எஃகும் செய்வது போன்ற, வேறு வழி அரிதான தொழில்களுக்கே அதனை முதலில் பயன்படுத்த வேண்டும் என்பர் அறிஞர் பலர்.

பாபநாசத்தில் இறங்கும் பொருநை, தூத்துக்குடிக்குத் தெற்கே கடலில் கலக்கின்றது. அத்தூத்துக்குடித் துறைமுகத்தில், நீரினின்று ஹைட்ரஜன் எடுக்கும் சிறிய முன்னோடி நிலையம் 2025-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. நானூறு ஆண்டுகளுக்கு அப்பால் ஹால்டேன் கண்ட காட்சியின் சிறு தொடக்கம், ஏறத்தாழ நூறு ஆண்டுகளிலேயே நம் மண்ணில் தோன்றியுள்ளது. அதனை வளர்த்து நிறைவுறச் செய்தல் இளைஞர் கடமையாகும்.