யானைக்கால் நோய்க்கு மருந்து கண்ட சுப்பாராவ்: பருத்தி எலியின் இரத்தத் துளியில் நடந்த தேடல்

பாலக்காடு: கேரளத்தில் யானைக்கால் நோய் காணப்படும் மாவட்டங்களுள் பாலக்காடும் ஒன்று. இந்நோயைக் கண்டறிய, சுகாதாரப் பணியாளர்கள் இரவு நேரத்தில் வீடு வீடாகச் சென்று மக்களின் விரல் நுனியிலிருந்து இரத்தத் துளிகளைச் சேகரிப்பது வழக்கம். நோய்க்குக் காரணமான நுண்புழுக்கள் பெரும்பாலும் இரவில்தான் இரத்தத்தில் வெளிப்படும். அப்புழுக்களை அழிக்க வழங்கப்படும் டை எத்தில் கார்பமசின் மாத்திரையை, 'டி.இ.சி.' என்ற பெயரில் பலரும் அறிவர். அதை உருவாக்கிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்த இந்தியரை அறிந்தோர் குறைவு. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12-ஆம் தேதி சுப்பாராவ் பிறந்தார். சென்னையில் மூன்றாவது முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்ற அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்ததால், அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். அதன் விளைவாக எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே அவருக்குக் கிடைத்தது. சகோதரர்களை 'ஸ்ப்ரூ' எனும் குடல் நோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை மருத்துவ ஆராய்ச்சியை நோக்கித் திருப்பியது.

1920-களில் அமெரிக்கா சென்ற சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் இணைந்து பணியாற்றினார். இரத்தத்திலும் சிறுநீரிலும் மிகச் சிறிய அளவில் உள்ள பாஸ்பரஸை அளவிடும் முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். மாதிரியில் தோன்றும் நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு பாஸ்பரஸின் அளவைக் கணிக்கும் இம்முறை, உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் கையாளப்பட்டது. தசைகளில் பாஸ்போகிரியேட்டினையும், உயிரணுக்களின் ஆற்றல் மூலமான ஏ.டி.பி.யையும் கண்டறிய இதுவே அவர்களுக்குக் கைகொடுத்தது.

ஹார்வர்டில் நிரந்தரப் பணி கிடைக்காத நிலையில், 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்த அவர், பின்னர் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் பணியாற்றிய அமெரிக்க வீரர்கள் யானைக்கால் நோய்க் கிருமியின் தொற்றுக்கு ஆளானதால், புதிய மருந்துக்கான தேவை அவசரமாயிற்று.

ஆனால், மனிதரைத் தாக்கும் அந்தப் புழு சாதாரண ஆய்வக விலங்குகளில் வளராது. எனவே, வேறொரு வகை ஃபைலேரியா புழு இயற்கையாகவே தொற்றியிருந்த பருத்தி எலிகளைச் சுப்பாராவின் குழு தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு வேதிப்பொருளையும் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எலியின் இரத்தத்தில் உள்ள நுண்புழுக்களை ஆய்வாளர்கள் எண்ணினர். எண்ணிக்கை குறைந்தால் அந்தப் பொருள் அடுத்த கட்டச் சோதனைக்குச் செல்லும், குறையாவிட்டால் கைவிடப்படும். இந்தச் சோதனை இல்லையேல், எத்தனை வேதிப்பொருள்களைத் தயாரித்தாலும் அவற்றுள் பயனுள்ளது எது எனத் தெரிந்திருக்காது.

இவ்வாறு தேர்வான பைப்பரசின் வகைச் சேர்மமே டை எத்தில் கார்பமசின். ஒட்டுண்ணியியல் அறிஞர் ஹெவிட், வேதியியலாளர் குஷ்னர் உள்ளிட்டோருடன் சுப்பாராவின் பெயரையும் தாங்கிய ஆய்வு முடிவுகள் 1947-இல் வெளியாயின. அதே ஆண்டில் புவேர்ட்டோ ரிக்கோவில் நோயாளிகளிடம் நடத்திய சிகிச்சையின் முடிவுகளும் வெளிவந்தன. முற்றிய வீக்கத்தை இம்மருந்து முழுமையாகப் போக்காது. எனினும், இரத்தத்தில் உள்ள நுண்புழுக்களை விரைந்து குறைப்பதால், கொசு வழியாகப் பிறருக்கு நோய் பரவுவதைத் தடுக்கிறது.

சகோதரர்களைப் பலிகொண்ட ஸ்ப்ரூ நோய்க்குப் பயன்படும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும் அவர் தலைமையிலான ஆய்வுக் குழுவே. புற்றுநோய் சிகிச்சைக்கான மெத்தோட்ரெக்சேட், ஆரியோமைசின் நுண்ணுயிர் எதிர்ப்பி ஆகியவையும் அவரது மேற்பார்வைக் காலத்தில் உருவானவை.

மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுச் சென்ற சுப்பாராவ் தாயகம் திரும்பவே இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்தபோது பிறந்த மகன், தந்தையைக் காணாமலேயே குழந்தைப் பருவத்தில் இறந்தான். 1948 ஆகஸ்டில், 53-ஆவது வயதில் மாரடைப்பால் அவர் காலமானார்.

இந்திய அரசு 1955-இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அவர் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரது நூற்றாண்டையொட்டி 1995-இல் இந்திய அஞ்சல் துறை சிறப்புத் தபால்தலை வெளியிட்டது. பருத்தி எலிகளின் இரத்தத் துளியில் அன்று தேர்வு பெற்ற அதே மருந்து, இன்றும் யானைக்கால் நோய்த் தடுப்புப் பணியில் வீடு வீடாக வழங்கப்படுகிறது.