வானலையைப் பொதுவில் வைத்த ஜான் ரீத்

வானொலி தோன்றிய நாளிலேயே அஃது யார் கையில் இருத்தல் வேண்டும் என்னும் வினாவும் தோன்றிற்று. வணிகர் கையிலா, ஆட்சியாளர் கையிலா என உலக நாடுகள் தடுமாறிய வேளையில், இருவரிடத்தும் அன்றிப் பொதுமக்கள் நலம் பேணும் தனி அமைப்பிடமே அஃது இருத்தல் வேண்டும் என்று கருதி, அக்கருத்திற்கு உருவம் தந்தவர் ஜான் ரீத். பி.பி.சி. எனப்படும் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் அவரே.

இளமை

ஸ்காட்லாந்தின் கீழைக் கடற்கரையிலுள்ள ஸ்டோன்ஹேவன் என்னும் ஊரில் 1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20ஆம் நாள் ரீத் பிறந்தார். தந்தையார் பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையின் போதகர். மக்கள் எழுவருள் ரீத் கடைக்குட்டி. கடமையும் கண்டிப்பும் நிறைந்த அவ்வில்லச் சூழல் அவர்தம் இயல்பை வார்த்தது. கிளாஸ்கோவில் இரயில் எஞ்சின் தொழிற்சாலையொன்றில் பயிற்சி பெற்றுப் பொறியாளரானார். 1915ஆம் ஆண்டு போர்முனையில் துப்பாக்கிக் குண்டொன்று அவர் கன்னத்தைக் கிழித்தது. ஆறரை அடி உயரமும் அவ்வடுவும் கண்டோரை அஞ்சச் செய்தன.

அறியாத் துறையில் நுழைதல்

வானொலிக் கருவி செய்யும் நிறுவனங்கள் சில, தம் கருவிகள் விலைபோதல் வேண்டி, 1922ஆம் ஆண்டு அக்டோபரில் பிரித்தானிய ஒலிபரப்புக் கம்பெனியைத் தொடங்கின. பொது மேலாளர் தேவை என்னும் விளம்பரம் கண்டு ரீத் விண்ணப்பித்தார். ஒலிபரப்பு என்பது யாதென்றே அப்போது அவர் அறியார். எனினும் அவ்வாண்டு டிசம்பரில் பணி அவரை வந்தடைந்தது.

கருவி விற்கத் தொடங்கிய முயற்சியில் ரீத் கண்டது வேறொன்று. கருவி வைத்திருப்போர் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் செலுத்தி அஞ்சல் துறையிடம் உரிமம் பெற்றனர். நம் நாட்டிலும் அஞ்சலகத்தில் வானொலி உரிமம் பெற்ற காலம் உண்டு. விளம்பரதாரர் பணம் தந்தால் அவருக்குப் பெருங்கூட்டம் வேண்டும். கேட்போரே பணம் தந்தாலோ சிறுபான்மையோர் விரும்புவதற்கும் இடமுண்டு. இவ்வுண்மையின்மேல்தான் ரீத் தம் கட்டடத்தை எழுப்பினார். 1924ஆம் ஆண்டு கிரீன்விச் நேர ஒலியும் பள்ளி ஒலிபரப்பும் தொடங்கின. 1927ஆம் ஆண்டு, புரவலரை இழந்து நின்ற இலண்டன் பிராமனாடு இசைவிழாவைக் கழகம் ஏற்றுக் காத்தது. அறிவித்தல், கற்பித்தல், மகிழ்வித்தல் என்னும் மூன்றும் நிலையத்தின் கடமைகளாயின.

1926: சோதனை

1926ஆம் ஆண்டு மே மாதம் பொது வேலைநிறுத்தம் மூண்டது. செய்தித்தாள்கள் பெரும்பாலும் நின்றுபோயின. செய்திக்கு மக்கள் வானொலியையே நம்பினர். நிலையத்தை அரசே கைப்பற்றுதல் வேண்டுமென அமைச்சர் சர்ச்சில் வற்புறுத்தினார். ரீத் எதிர்த்து வாதாடினார். பிரதமர் பால்டுவின் கைப்பற்ற முற்படவில்லை. தொழிற்சங்கத்தின் அறிக்கைகளும் செய்திகளில் இடம்பெற்றன.

ஆயினும் அவ்விடுதலைக்கு ரீத் ஒரு விலை கொடுத்தார். எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மக்டொனால்டு வானொலியில் பேச வாய்ப்பு மறுக்கப்பட்டது. கேன்டர்பரிப் பேராயரின் அமைதி வேண்டுகோளும் உடனே ஒலிபரப்பாகவில்லை. பிரதமரோ ரீத்தின் இல்லத்திலிருந்தே நாட்டு மக்களிடம் பேசினார். நிலையத்தைக் காக்க நடுநிலையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தது தகுமா என்னும் வினா இன்றளவும் ஆய்வாளர்களிடையே நிலவுகின்றது.

1927ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், அரச பட்டயத்தின்கீழ்க் கம்பெனி பொதுக்கழகமாயிற்று. பங்குதாரர் விலகினர், பொதுநலன் பேண ஆளுநர் குழு அமைந்தது. விளம்பரத்திற்கு இடமில்லை. வணிகருக்கு எதிரான மதில் உறுதியாகவே அமைந்தது. ஆட்சியாளர் பக்கத்து மதிலிலோ வாயில் ஒன்று இருக்கவே செய்தது. நெருக்கடியில் தலையிடும் அதிகாரத்தை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது.

குறையும் நிறையும்

ரீத் குறையற்றவர் அல்லர். அவர் ஆட்சி தனியாட்சியாகவே நடந்தது. மணமுறிவைக் காரணமாக்கித் தலைமைப் பொறியாளர் எக்கர்ஸ்லி 1929ஆம் ஆண்டு விலக நேர்ந்தது. இட்லர், முசோலினி ஆகியோரை ரீத் ஒருகால் வியந்ததை, அவர் மறைவுக்குப் பின் 1975ஆம் ஆண்டு வெளிவந்த நாட்குறிப்புகள் காட்டின. அத்தகையவர் உருவாக்கிய அமைப்பு, பல குரல்கள் ஒலிக்கும் அரங்காக வளர்ந்தமை எண்ணத்தக்கது.

அவ்வமைப்பின் நிழல் நம் நாட்டிலும் படிந்தது. பி.பி.சி.யிலிருந்து 1935ஆம் ஆண்டு இந்தியா வந்த லயனல் பீல்டன் தலைமையில், மறு ஆண்டு ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்னும் பெயர் ஏற்பட்டது. 1938ஆம் ஆண்டு சென்னை நிலையம் தோன்றியது. பி.பி.சி. 1941ஆம் ஆண்டு தமிழிலும் ஒலிபரப்பத் தொடங்கியது. ஆனால் நிலையங்கள் வந்த வேகத்தில் தன்னாட்சி வரவில்லை. அரசுத் துறையாகவே இருந்த நம் வானொலிக்கென 1990ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பிரசார் பாரதிச் சட்டம் 1997ஆம் ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது.

1938ஆம் ஆண்டு பி.பி.சி.யிலிருந்து விலகிய ரீத், போர்க்கால அமைச்சராக இருந்து 1942ஆம் ஆண்டு நீக்கப்பட்டார். 1952ஆம் ஆண்டு பிரபுக்கள் அவையில் வணிகத் தொலைக்காட்சியைக் கொள்ளைநோய்க்கு ஒப்பிட்டுக் கடுமையாக எதிர்த்தார். அஃது 1955ஆம் ஆண்டு வந்தே விட்டது. 1971ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் எடின்பரோவில் ரீத் மறைந்தார்.

பொது நிலையத்தின் பயன், அது பெருங்கூட்டத்தைக் கவர்வதில் இல்லை. சந்தை மதிக்காத பள்ளிச் சிறுவனுக்கும், ஆட்சி விரும்பாத எதிர்க்குரலுக்கும் அங்கே இடம் கிடைப்பதில் உள்ளது. முன்னதை ரீத் நிறைவாகச் செய்தார். பின்னதில் 1926ஆம் ஆண்டு தயங்கினார். அவர் விட்டுச்சென்ற அப்பாதிப் பணியை முடித்தல் பின்வந்தோர் கடனாகும்.