ஜாதிபத்திரியில் வந்த டிவிடெண்ட்: ஐசக் லெ மேர் கதை

வி.ஓ.சி. என்ற மூன்றெழுத்தைக் கேட்டதும் நம்ம மாவட்டத்துக்காரனுக்கு நெஞ்சு நிமிரும். கப்பலோட்டிய தமிழன் ஆயிற்றே! துறைமுகத்துக்கே அவர் பெயர். ஆனால் அவர் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்குவதற்குச் சுமார் 250 வருஷத்துக்கு முன்பே, அதே மூன்று ஆங்கில எழுத்தைப் பெயர்ச் சுருக்கமாக வைத்துக்கொண்டு இன்னொரு கம்பெனி தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. அதுதான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1658-இல் போர்த்துக்கீசியரை விரட்டிவிட்டு நம்ம முத்துக்குளித்துறையைக் கைப்பற்றியவர்கள் அவர்கள். பீச் ரோட்டுப் பக்கம் போனால் அவர்கள் 1750-இல் கட்டிய திரித்துவ ஆலயத்தை இன்றைக்கும் பார்க்கலாம்.

நான் சொல்ல வந்தது கம்பெனியின் கதை அல்ல, அந்தக் கம்பெனியையே எதிர்த்து மல்லுக்கு நின்ற ஒரு மனிதனின் கதை. ஐசக் லெ மேர் என்பது அவர் பெயர். பங்குச் சந்தை வரலாற்றில் முதல் பெரிய ஷார்ட் செல்லர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

1558 வாக்கில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள தூர்னே என்ற ஊரில் பிறந்தார். ஆன்ட்வெர்ப் நகரில் வியாபாரம் பழகினார். 1585-இல் ஸ்பானியப் படை அந்த நகரத்தைப் பிடித்ததும், பிழைத்தால் போதும் என்று ஓடிய ஆயிரக்கணக்கான வியாபாரிகளோடு இவரும் வடக்கே போனார். ஆம்ஸ்டர்டாமில் மளமளவென்று வளர்ந்தார். 1602-இல் டச்சுக் கம்பெனி பொதுமக்களிடம் பங்கு திரட்டியபோது ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 1,143 பேர் பணம் போட்டார்கள். அதிலே எல்லாரையும் விடப் பெரிய தொகை லெ மேருடையதுதான்: 85,000 கில்டர். (நம்ம சுதேசிக் கப்பல் கம்பெனி ஒரு பங்கு 25 ரூபாய் என்று 40,000 பங்கு போட்டது. எளியவனும் சேரட்டும் என்ற நினைப்பு இரண்டு இடத்திலுமே இருந்திருக்கிறது.)

பெரிய பங்குதாரர், கம்பெனி நிர்வாகத்திலும் ஒருவர். பிறகு என்ன கேடு? கப்பல் செலவுக் கணக்கில் மோசடி செய்தார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 1605-இல் வெளியே வந்தார். வரும்போது, கம்பெனிக்குப் போட்டியாக ஆசிய வியாபாரம் செய்ய மாட்டேன் என்று எழுதியும் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்த அவமானத்தை மனுஷன் சாகும்வரை மறக்கவில்லை.

1609-இல் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு ரகசியமாக ஒரு கூட்டணி அமைத்தார். வேலை என்ன? கையில் இல்லாத கம்பெனிப் பங்கை விற்பது!

அதெப்படி இல்லாததை விற்க முடியும் என்று கேட்பீர்கள். எட்டயபுரம் ஆட்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தன்கிட்ட ஆடே கிடையாது. ஆனால் அடுத்த வருஷம் இன்ன தேதியில் பத்து ஆடு தர்றேன், விலை இன்னைக்கே பேசிக்குவோம் என்று ஒப்பந்தம் எழுதுகிறான். அதற்குள் ஆட்டு விலை சரிந்தால் சல்லிசாக வாங்கிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். விலை ஏறினால் தலையில் துண்டுதான். லெ மேர் கூட்டமும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்துத் தருவதாகப் பங்குகளை விற்றுத் தள்ளியது. கப்பல் மூழ்கிவிட்டது, செலவு தாறுமாறு, லாபமே வராது என்றெல்லாம் சந்தையில் பேச்சு பரவியது. பங்கு விலை இறங்கிற்று.

இயக்குநர்கள் அலறியடித்துக்கொண்டு அரசாங்கத்திடம் ஓடினார்கள். விதவைகளும் அனாதைகளும் போட்ட பணம் போகுதே என்று முறையிட்டார்கள். விற்றவர்கள் தரப்பும் மனுப் போட்டது: விலை விழுந்ததற்குக் காரணம் நாங்கள் அல்ல, கம்பெனி நடக்கிற லட்சணம்தான் என்பது அவர்கள் வாதம். கடைசியில் 1610 பிப்ரவரி 27-ஆம் தேதி, கையில் இல்லாத பங்கை விற்கக்கூடாது, விற்றதை ஒரு மாதத்துக்குள் கம்பெனிப் புத்தகத்தில் மாற்றிப் பதிய வேண்டும் என்று ஆணை வந்தது. இந்த மாதிரிச் சட்டங்களுக்கெல்லாம் இதுதான் மூத்த அண்ணன்.

ஆணை ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையான அடி வேறு ரூபத்தில் வந்தது. ஆரம்பித்து எட்டு வருஷமாகப் பங்குதாரருக்குக் காலணா கொடுக்காத கம்பெனி, 1610 ஏப்ரலில் முதல் டிவிடெண்ட் கொடுத்தது. எவ்வளவு? 75 சதவீதம்! ஆனால் ரொக்கமாக இல்லை, ஜாதிபத்திரியாக. நம்ம வீட்டில் பிரியாணிக்குப் போடுகிற அதே ஜாதிபத்திரிதான். 3,000 கில்டர் பங்கு வைத்திருந்தவர் 2,250 கில்டர் மதிப்புக்கு அதை மூட்டை கட்டி எடுத்துப் போக வேண்டும். அதே வருஷம் நவம்பரில் 50 சதவீதத்துக்கு மிளகும் ஏழரை சதவீதம் ரொக்கமும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஜாதிபத்திரியை விற்கப் போனால் யார் வாங்குவது? பலர் வேண்டாம், ரொக்கம் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

ஷார்ட் அடித்தவன் கதி என்ன? மறுபடி ஆட்டுச் சந்தைக்கு வாங்க. ஒப்பந்தம் எழுதின பிறகு ஆடு குட்டி போட்டுவிட்டது. வாங்கினவன் சும்மா இருப்பானா? ஆட்டோட குட்டியையும் கொடு என்பான். கொடுக்க வேண்டியவன்கிட்ட ஆடும் இல்லை, குட்டியும் இல்லை! அதைவிட முக்கியம், கம்பெனியில் ஒண்ணுமே இல்லை என்று பரவியிருந்த பேச்சு அம்பாரமாகக் கிடந்த சரக்கின் முன்னால் எடுபடவில்லை. கூட்டாளிகள் சிலர் திவாலானார்கள். ஒருவர் கம்பெனிக் கணக்கரோடு சேர்ந்து, இல்லாத பங்கை இருப்பதாகப் பதிந்து மாட்டிக்கொண்டார். லெ மேர் 1611-இல் ஆம்ஸ்டர்டாமை விட்டே கிளம்பி எக்மண்ட் என்ற ஊரில் ஒதுங்கினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இப்போ செல்போனில் ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய் ஷேர் வாங்கிப் போடும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. கம்பெனி டிவிடெண்ட் அறிவித்தால் ஷார்ட் அடித்தவனெல்லாம் ஓடிவிடுவான், விலை ஜிவ்வென்று ஏறும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் பாதிதான் சரி. கடன் வாங்கிய பங்கை விற்றவன் டிவிடெண்டைத் தன் கையிலிருந்து கொடுக்கணும் என்பது நம்ம நாட்டுப் பங்குக் கடன் முறையிலும் உள்ள விதி. ஆனால் டிவிடெண்ட் பிரிந்த அன்று பங்கு விலையும் ஏறக்குறைய அந்த அளவு இறங்கும். அவன் ஒரு கையால் கொடுத்ததை மறு கையில் பெற்றுவிடுகிறான். நெருக்கடி எப்போது வருமென்றால், பங்கு வெளியே கிடைக்காத நேரத்தில், எதிர்பாராத பெரிய தொகை வந்தால்தான். 1610-இல் நடந்தது அது. இன்னொன்று, நம்ம ஊர்ச் சந்தையில் அந்த ரெண்டு ரூபாய் ஷேரைக் கடன் வாங்கி நாள்கணக்கில் ஷார்ட் அடிக்க அநேகமாக வழியே கிடையாது. இல்லாத எதிரியை யார் விரட்டுவது?

சரி, லெ மேர் அயோக்கியனா? என்னைக் கேட்டால் அரைக்கரை. அவர் செய்தது பழிவாங்கல், சுயலாபம், சந்தேகமே இல்லை. ஆனால் கம்பெனி கணக்கு காட்டுவதில்லை என்று அவர் சொன்னது பொய்யில்லையே! பத்து வருஷம் முடிந்ததும் பங்குதாரருக்குப் பொதுக் கணக்கு காட்ட வேண்டும் என்று கம்பெனியின் சாசனத்திலேயே இருந்தது. 1612 வந்தது, போனது, கணக்கு வரவில்லை. மூட்டை மூட்டையாக மசாலா கொடுத்து வாயை அடைத்ததைக் கணக்கு காட்டியதாக எடுத்துக்கொள்ள முடியுமா?

மனுஷன் அதோடு ஓயவில்லை. ஆசியாவுக்குப் போகும் இரண்டு கடல் வழியும் கம்பெனிக்கே உரிமை என்றால் மூன்றாவது வழி கண்டுபிடிப்போம் என்று கிளம்பினார்! 1615-இல் மகன் யாக்கோபை இரண்டு கப்பலோடு அனுப்பினார். ஒரு கப்பல் தென்னமெரிக்கக் கரையில் தீப்பிடித்து எரிந்தது. மற்றது 1616 ஜனவரியில் ஹார்ன் முனையைச் சுற்றிப் பசிபிக்கில் நுழைந்தது. ஜாவாவை அடைந்ததும் கம்பெனி அதிகாரி கூன் நம்ப மறுத்தார். எங்கள் உரிமையை மீறினாய் என்று கப்பலைப் பறிமுதல் செய்தார். ஊர் திரும்பும் வழியிலேயே, அந்த டிசம்பரில், யாக்கோபு கடலில் இறந்துபோனார். தகப்பன் வழக்குப் போட்டு கப்பலுக்கும் சரக்குக்கும் ஈடு வாங்கினார். பிள்ளையை எந்தக் கோர்ட்டு திருப்பிக் கொடுக்கும்? இன்றைக்கும் தென்னமெரிக்கா மேப்பில் லெ மேர் ஜலசந்தி என்று அந்தப் பெயர் இருக்கிறது.

1624 செப்டம்பர் 20-ஆம் தேதி ஐசக் லெ மேர் காலமானார். எக்மண்டில் உள்ள அவர் கல்லறைக் கல்லில் இருப்பது வழக்கமான புகழுரை இல்லை. 30 வருஷத்தில் 15 லட்சம் கில்டர் இழந்தும் மானத்தை இழக்கவில்லை என்பது அதில் வெட்டப்பட்டிருக்கிறது.