காணாமல் போகாத ஓட்டக்காரர்

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் கதை ஒன்று உங்களுக்கும் வந்திருக்கும். ஒலிம்பிக் மாரத்தானில் ஓடிய ஒரு ஜப்பான்காரர் பாதி வழியில் யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டத்துக்குள் போனாராம். பழச்சாறு வாங்கிக் குடித்தாராம், அப்படியே தூங்கிப் போனாராம். அப்புறம் வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் ஊருக்கு ஓடிப்போய் ஐம்பது வருஷம் ஒளிந்திருந்தாராம். கதைக்குக் கீழே சிரிக்கிற முகங்கள் நாலைந்து.

எனக்கு அது வந்தபோது சிரிப்பு வரவில்லை. முதல் முறையாக 42 கிலோமீட்டர் ஓடி, நினைத்ததைவிட ஒன்றரை மணி நேரம் தாமதமாக முடித்து, மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்த வாரம் அது. யார் இந்த மனுஷன் என்று தேடிப் படித்தேன். தோட்டம் உண்மை. பழச்சாறும் உண்மை. ஒளிந்திருந்தார் என்பது மட்டும் சுத்தப் பொய்.

அவர் பெயர் ஷிசோ கனகுரி. 1891இல் ஜப்பானின் தென்பகுதியான கியூஷு தீவில், குமமோட்டோ மாநிலத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பள்ளிக்கூடம் தூரம். போக ஆறு, வர ஆறு கிலோமீட்டர். அந்தப் பையன் அதை ஓடியே கடந்தான். பயிற்சியாளர், சத்துணவு, நல்ல காலணி எல்லாம் கிடையாது. நம்ம பள்ளியில் மெரந்தாஸ் டேசா என்றதும் வயிற்றுவலி வந்துவிடும் நண்பர்களை நினைத்துக்கொண்டேன்.

பிறகு தோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தலைவராக இருந்தவர் ஜூடோ கலையை உருவாக்கிய ஜிகோரோ கானோ. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜப்பான் முதல் தடவையாகக் கலந்துகொள்ள வேண்டும் என்று பாடுபட்டவரும் அவர்தான். அதற்கான தேர்வு ஓட்டம் 1911 நவம்பரில் நடந்தது. சுமார் 40 கிலோமீட்டரை 2 மணி 32 நிமிடம் 45 வினாடியில் முடித்தார் கனகுரி. உலகத்திலேயே சிறந்த நேரம் என்று நாடே பேசியது. இருபது வயசுப் பையனின் தோளில் ஒரு நாட்டின் ஆசை முழுவதும் ஏறிக்கொண்டது. பயணச் செலவுக்கு மாணவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அப்படி வந்த காசில் போகிறவனுக்குத் தோற்க மனசு வருமா?

ஜப்பான் அனுப்பிய ஓட்டக்காரர்கள் மொத்தமே இரண்டு பேர். கப்பலில் ரஷ்யாவுக்குப் போய், அங்கிருந்து சைபீரியா வழியாக ரயிலில், இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பயணம். ரயில் நிற்கும் இடங்களில் இறங்கிக் கொஞ்சம் ஓடிக்கொள்வார். ஸ்வீடனில் கோடைக்காலத்தில் இரவிலும் சரியாக இருட்டாது. தூக்கம் கெட்டது. சாப்பாடு ஒத்துவரவில்லை. கூட வந்த பயிற்சியாளர் காசநோயால் படுத்த படுக்கை. கனகுரி காலில் போட்டிருந்தது ‘தாபி’, கட்டைவிரல் தனியாகப் பிரிந்திருக்கும் துணிக் காலணி. ஜப்பானின் மண் சாலைக்கு அது சரி. ஸ்டாக்ஹோமின் கெட்டியான சாலையில் முட்டி வலிக்க ஆரம்பித்தது.

1912 ஜூலை 14, மதியம். வெயில் 30 பாகையைத் தாண்டியிருந்தது. நமக்கு அது சாதாரண நாள்தான், ஆனால் அங்கே ஓட வந்தவர்கள் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் ஓடும்போது தண்ணீர் குடித்தால் உடம்பு தளர்ந்துவிடும் என்ற நம்பிக்கை வேறு. சுமார் 27 கிலோமீட்டரில், சோலெந்தூனா என்ற ஊர்ப் பக்கம் கனகுரிக்குத் தலை சுற்றியது. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் இருந்தவர்கள் உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். கண் அசந்துவிட்டார். அவ்வளவுதான்.

அன்றைக்குப் புறப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முடிக்கவே இல்லை. போர்த்துகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ ஓட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்து மறுநாள் இறந்துபோனார். வாட்ஸ்அப் கதையில் இந்த வரி வருவதே இல்லை. அந்தத் தோட்டத்துக்காரர்கள் ஓர் உயிரைக் காப்பாற்றினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் கனகுரி தன் நாட்குறிப்பைத் திறந்தார். அவமானத்தை மறைக்காமல் எழுதினார். இதைத் துடைக்காமல் விடமாட்டேன் என்ற உறுதியையும் அதிலேயே எழுதிவைத்தார். ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? நடுக்கோடையில், மற்றவர்கள் நிழல் தேடும் நேரத்தில் கடற்கரைக்குப் போய் வெயிலில் ஓடிப் பழகினார். கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்த தாபி கடைக்காரரிடம் சொல்லி, காலணிக்கு ரப்பர் அடிப்பாகம் வைக்கவைத்தார். 1936இல் பெர்லின் மாரத்தானை வென்ற சோன் கீ சுங் போட்டிருந்ததும் கட்டைவிரல் பிரிந்த காலணிதான். அவர் கொரியர். நாடு ஜப்பானின் பிடியில் இருந்ததால் ஜப்பான் கொடியின் கீழ் ஓட வேண்டியதாயிற்று.

சயாம் மரண ரயில் பாதைக்கு நம் ஆட்களை இழுத்துப்போன அதே ஜப்பானா, அவர்கள் கதை நமக்கு எதற்கு என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கலாம். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. நான் சொல்வது ஓர் ஓட்டக்காரரின் கதையை மட்டும்.

1916இல் பெர்லினில் ஒலிம்பிக் என்று அறிவித்திருந்தார்கள். கனகுரிக்கு அப்போது 24, 25 வயசு. கால்கள் உச்சத்தில் இருந்தன. முதல் உலகப்போர் வந்து ஒலிம்பிக்கையே ரத்து செய்துவிட்டது. என்னைக் கேட்டால், ஸ்டாக்ஹோமைவிட அவருக்கு அதிகம் வலித்திருக்க வேண்டியது இதுதான். ஸ்டாக்ஹோமில் ஓடியாவது பார்த்தார்.

1920இல் ஆண்ட்வெர்ப் போனார். இந்தத் தடவை குளிரும் மழையும். 16ஆவது இடம். 1924இல் பாரிஸ், வயசு 32. மறுபடியும் வெயில், மறுபடியும் முடிக்கவில்லை. மூன்று ஒலிம்பிக், ஒரு பதக்கம்கூட இல்லை. ஒளிந்திருந்த மனுஷன் இன்னும் இரண்டு தடவை உலகத்தின் முன்னால் வந்து ஓடுவானா, நீங்களே சொல்லுங்கள்.

இதற்கு நடுவில் வேறொரு வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றை ஆளை அனுப்பினால் பத்தாது, ஓட்டக்காரர்களைக் கூட்டமாக வளர்க்க வேண்டும் என்பது அவருக்கு ஸ்டாக்ஹோமிலேயே புரிந்துவிட்டது. 1917இல் கியோத்தோவிலிருந்து தோக்கியோ வரை சுமார் 500 கிலோமீட்டர் அஞ்சல் ஓட்டம் நடந்தது. ‘எக்கிடென்’ என்று ஜப்பானியர்கள் சொல்லும் ஓட்டத்தின் தொடக்கம் அது. ஓர் அணியின் கடைசி ஓட்டக்காரர் கனகுரி. 1920இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்காக ஹக்கோனே எக்கிடெனைத் தொடங்கினார்கள். தோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலைக்கு ஏறி, மறுநாள் இறங்கி வர வேண்டும். முதல் வருஷம் வந்தவை நான்கே கல்லூரிகள். இன்றைக்கு ஒவ்வொரு ஜனவரி 2, 3ஆம் தேதிகளிலும் ஜப்பானே தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுகிறது. அணிக்குப் பத்து மாணவர்கள், ஒவ்வொருவரும் 20 கிலோமீட்டருக்கு மேல். அவர்கள் கைமாற்றிக்கொள்வது கோல் இல்லை, தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்ளும் துணிப்பட்டை. வியர்வையில் நனைந்த அந்தப் பட்டையை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் விழும் பையன்களைப் பார்த்தால் நமக்கே தொண்டை அடைக்கும்.

பெண்கள் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். பெண்பிள்ளைகள் ஓடினால் என்ன தப்பு என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர். 2000 சிட்னியிலும் 2004 ஏதென்சிலும் மாரத்தான் தங்கத்தை ஜப்பானுக்கு வாங்கித் தந்தவர்கள் பெண்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து நாடு நொறுங்கிக் கிடந்த நேரத்திலும் அவர் விடவில்லை. 1947இல் குமமோட்டோவில் அவர் பெயரிலேயே ஒரு மாரத்தான் தொடங்கியது. பிற்பாடு புகழ்பெற்ற புகுவோக்கா மாரத்தான் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1953இல் போஸ்டனுக்கு ஜப்பான் அணியை அழைத்துப் போனார். கெய்சோ யமாடா முதலாவதாக வந்தார். அந்தக் கோட்டருகே நின்றபோது கனகுரிக்கு வயசு 61.

ஸ்வீடன்காரர்களுக்கு மட்டும் அவர் காணாமல் போன ஜப்பானியர்தான். 1967இல் ஒலிம்பிக்கின் 55ஆம் ஆண்டு விழாவுக்கு அவரை அழைத்தார்கள். 75 வயசில், குளிருக்கு நீள கோட்டு போட்டுக்கொண்டு, அதே அரங்கத்தில் மெதுவாக ஓடி முடிவுக் கோட்டைத் தொட்டார். ஒலிபெருக்கியில் நேரத்தை அறிவித்தார்கள்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 வினாடி. ரொம்ப நீண்ட பாதைதான், நடுவில் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள் என்று சிரித்தபடி சொன்னாராம்.

1983 நவம்பரில், 92 வயசில் குமமோட்டோவில் காலமானார். 2004 முதல் ஹக்கோனே எக்கிடெனில் மிகச் சிறப்பாக ஓடும் மாணவருக்கு அவர் பெயரில் ஒரு கோப்பை கொடுக்கிறார்கள். அந்தக் கதை அடுத்த தடவை உங்கள் குழுவில் வந்தால், மிச்சத்தை நீங்கள் எழுதிப் போடுங்கள்.