கடையில் கிடைக்காத பாகம்

பழைய பால் மவுஸைக் கழற்றிப் பார்த்திருக்கீங்களா? உள்ளே ரப்பர் பூசிய ஓர் உருண்டை, இரண்டு சின்ன உருளைகளைச் சுழற்றும். அந்த உருண்டை தொலைந்தால் இன்னிக்குக் கடையில் தேடிப் பிடிப்பது கஷ்டம். கையில் கிடைத்த கோலியைப் போட்டால் வழுக்கும், திரையில் அம்பு நகராது. விட்டம், எடை, பிடிப்பு மூணும் பொருந்தணும். அதாவது, மாற்றுப் பாகம் செய்யணும்னா அசல் பாகம் என்ன வேலை செய்ததுன்னு முதலில் புரியணும்.

இதையே ஒரு நாட்டு அளவில் செய்தவர் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்தார். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். 1949-ல் ஹார்வர்டில் படிக்கும்போது பாப்பு ஒரு புது வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அப்போ அவருக்கு வயசு 21. ஆமாங்க, நம்ம வயசுதான்! பிறகு ஒல்லின் வில்சனோடு சேர்ந்து, நட்சத்திர நிறமாலையில் இருக்கும் கால்சியம் கோட்டின் அகலத்தை வைத்து அதன் உண்மையான ஒளியைக் கணக்கிடும் வழியைக் கண்டார். அதுதான் வில்சன்-பாப்பு விளைவு.

அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். 1953-ல் திரும்பிட்டார். 1960-ல் கொடைக்கானல் வானாய்வக இயக்குநரானார். அது சூரியனைப் பார்க்கும் இடம். நட்சத்திரங்களைப் பார்க்க இருட்டான வேற இடம் தேடினார். ஜவ்வாது மலையில் காவலூர் கிடைத்தது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தென்வானமும் நன்றாகத் தெரியும்.

இடம் சரி, கருவி? வேண்டியதையெல்லாம் இறக்குமதி செய்கிற காலம் இல்லை அது. கொடைக்கானல் பட்டறையிலேயே 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்று உருவானது. 1968-ல் காவலூரில் முதலில் வானத்தைப் பார்த்தது அதுதான். 1972-ல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் ஜேனா செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கியும் வந்தது. 1977-ல் யுரேனஸ் வளையங்களின் தடயத்தைப் பதிவு செய்ததும் இதுவே.

வாங்கினது நல்லா வேலை செய்யுதே, இன்னொண்ணு வாங்கலாம்னு தோணுமில்லையா? பாப்பு 2.34 மீட்டர் தொலைநோக்கியை இங்கேயே செய்யணும்னு முடிவு செய்தார். அவ்வளவு பெரிய ஆடியின் பரப்பில், ஒளி அலைநீளத்தில் ஒரு பங்கு அளவு பிசகினாலும் நட்சத்திரம் மங்கிப்போகும். கண்ணாடி வட்டு வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் நடந்தது. இரும்பு உடல் மகாராஷ்டிராவின் வால்சந்த்நகரில் உருவானது.

1979-ல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். 1982 ஆகஸ்ட் 19-ல் மியூனிக்கில் இதய அறுவைசிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். வயசு 55. தொலைநோக்கி அப்போ முடியவில்லை. அவரிடம் கற்றவர்கள் முடித்தார்கள். 1986 ஜனவரியில் அது அவர் பெயரையே ஏற்றது.

அவர் அந்த ஆடி வழியா ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்க்கலீங்க. ஆனா செய்யத் தெரிந்தவர்களை விட்டுட்டுப் போனார். அடுத்த தடவை ஒரு பாகம் கிடைக்கலைன்னா, ஆர்டர் போடும் முன் ஒரு தடவை கழற்றிப் பாருங்க.