நட்சத்திரக் காந்தமும் நம்ம சந்திரசேகரும்



போன மாசம் இயற்பியல் வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டேன். பழுக்கக் காய்ச்சின இரும்பில் காந்தசக்தி நிற்காதுன்னு படிச்சோமே, அதைவிடச் சூடான நட்சத்திரத்தில் மட்டும் காந்தம் எப்படி இருக்கும்? வகுப்பே சிரிச்சிடுச்சு. மணியும் அடிச்சிடுச்சு. விடை தேடி நூலகத்துக்குப் போன இடத்தில்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர் எனக்குக் கிடைத்தார்.

அவர் பிறந்தது 1910 அக்டோபர் 19, லாகூரில். அப்பாவுக்கு ரயில்வே கணக்குத் துறையில் வேலை. அம்மா சீதாலட்சுமி, இப்சன் எழுதிய நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். சர் சி.வி.ராமன் இவருக்குச் சித்தப்பா. படிப்பு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி.

1930 ஜூலை கடைசியில் பம்பாயில் கப்பல் ஏறினார். வயசு 19தான். அம்மா உடம்பு முடியாமல் படுத்திருந்தார். அவரேதான் போகச் சொல்லி அனுப்பினார். அடுத்த வருஷம் மே மாதம் அம்மா இறந்தபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார். இதைப் படிச்சதும் புத்தகத்தை மூடிட்டேன், கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியலை.

அந்தக் கப்பலில்தான் அந்தக் கணக்கு. எரிந்து முடிந்த நட்சத்திரம் சுருங்கி வெள்ளைக் குள்ளன் ஆகும். ஆனால் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் அப்படி நிற்க முடியாது, இன்னும் சுருங்கிக்கிட்டே போகும். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் இதை விளக்கிப் பேசினார். அடிக்கடி வந்து பேசிப் பழகிய எடிங்டன் அடுத்ததாக எழுந்து கேலி செய்தார். சபையே சிரித்தது. (என் வகுப்பு பரவாயில்லை!) சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை. அமெரிக்கா போய் 1937ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1944ல் எடிங்டன் இறந்தபோது அவரைப் புகழ்ந்தே பேசினார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லைங்க.

இனி என் கேள்வி. நட்சத்திரக் காந்தம் இரும்புக் காந்தம் மாதிரி இல்லை. கொதிக்கும் வாயுவில் மின்சாரம் ஓடும், அதிலிருந்து காந்தப்புலம் வரும். நட்சத்திரம் சுருங்கினால் காந்தப்புலமும் அதோடு சேர்ந்து நெருங்கிப் பலமாகும். 7 லட்சம் கி.மீ. ஆரம் 10 கி.மீ. ஆனால் புலம் சுமார் 490 கோடி மடங்கு! நம்ம தருமபுரத்திலிருந்து திருநள்ளாறு தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே 10 கி.மீ. வந்துடும்.

அப்படியானால் எவ்வளவு காந்தத்தை ஒரு நட்சத்திரம் தாங்கும்? இதை 1953ல் சந்திரசேகரும் ஃபெர்மியும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். ஈர்ப்பு உள்ளே இழுக்கும், காந்தம் வெளியே தள்ளும். தள்ளுவது மிஞ்சினால் நட்சத்திரம் நிலைக்காது. நியூட்ரான் நட்சத்திரத்துக்கு இதே வழியில் போட்டால், உச்சவரம்பு 1க்குப் பின்னால் 18 பூஜ்ஜியம் போட்ட காஸ். பூமியின் காந்தம் அரை காஸ்தான்!

அவ்வளவு நெருக்கத்தில் நியூட்ரான்களும் நசுங்கி குவார்க்குகளாகப் பிரிந்து கிடக்கலாம் என்கிறார்கள், இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அந்தக் குவார்க்குகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி, இரும்பு மாதிரி தானே காந்தமாகுமா என்றும் இன்று கணக்குப் போடுகிறார்கள். ஆக, இரும்பை இழுத்து நான் கேட்டது ஒண்ணும் பைத்தியக்காரத்தனம் இல்லை.

கப்பலில் போட்ட கணக்கு தொடங்கி, நட்சத்திரங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983ல் நோபல் பரிசு கிடைத்தது. 53 வருஷம் கழிச்சு! 1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் காலமானார். 1999ல் விண்ணுக்குப் போன எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று பெயர் வைத்தார்கள்.

திங்கட்கிழமை இயற்பியல் வகுப்பில் அதே கேள்வியை மறுபடியும் கேட்கப் போறேன். சிரிக்கிறவங்க இதைப் படிச்சிட்டு வந்து சிரிக்கட்டும்.