ஊரின் வரவு செலவைப் பார்த்த ஆடிட்டர்

தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகளே, உங்கள் வீட்டு வாரக் கணக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தக்காளி, கத்தரி, முருங்கை, தேங்காய் எல்லாம் வண்டி ஏறி வெளியே போகின்றன. பாக்கெட் எண்ணெய், தீட்டிய அரிசி, வெள்ளைச் சர்க்கரை, உர மூட்டை ஆகியவை உள்ளே வருகின்றன. வந்த பணமும் கொடுத்த பணமும் நோட்டில் இருக்கும். காயோடு சேர்ந்து மண்ணின் சத்து எவ்வளவு வெளியே போனது, ஊர்ச் செக்கு ஏன் நின்றது என்பது எந்த நோட்டிலும் இருக்காது.

அந்தக் கணக்கையும் எழுத வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தவர் ஓர் ஆடிட்டர். அவர் பெயர் ஜே.சி.குமரப்பா. தன் கடைசி ஆண்டுகளை அவர் கழித்தது டி.கல்லுப்பட்டியில். அந்த நாளில் தேவாரமும் கல்லுப்பட்டியும் ஒரே மதுரை மாவட்டத்தில் இருந்தன.

குமரப்பா 1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கார்னிலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்தினார். கோட்டும் சூட்டுமாக வசதியான வாழ்க்கை. 1927-ல் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் வரி, செலவு முறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தபோதுதான் அவருக்குக் கண் திறந்தது. ஊர் திரும்பியவர், முன்னோர் பெயரான குமரப்பா என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டார்.

1929-ல் காந்தியைச் சந்தித்தார். காந்தி அவரிடம் கொடுத்த வேலை, குஜராத்தில் மாத்தர் தாலுகா கிராமங்களின் பொருளாதாரத்தைக் கணக்கெடுப்பது. கம்பெனிக் கணக்கு பார்த்த ஆடிட்டர், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் குடியானவன் வீட்டுக் கணக்கைப் பார்த்தார். நிலம், மாடு, விளைச்சல், கடன், நிலவரி என்று எல்லாம் பதிவானது. பிறகு விடுதலைப் போராட்டத்தில் இறங்கிப் பலமுறை சிறை சென்றார்.

1934-ல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவுக்கு. கைக்குத்தல் அரிசி, மரச்செக்கு, பனைவெல்லம், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு ஆகியவற்றில் அங்கே சோதனைகள் நடந்தன. மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் விளக்கும் அங்கே உருவானது.

செக்கை அவர் ஏன் அவ்வளவு வற்புறுத்தினார்? ஓர் உதாரணத்தில் புரிந்துகொள்ளலாம். கடலையை வெளியூர் மில்லுக்கு விற்றால் எண்ணெயோடு புண்ணாக்கும் போய்விடுகிறது. 100 கிலோ கடலைப் புண்ணாக்கில் சுமார் 7 கிலோ தழைச்சத்து உண்டு. அது ஏறக்குறைய 15 கிலோ யூரியாவுக்குச் சமம். ஊரிலேயே ஆட்டினால் எண்ணெய் வீட்டுக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, சாணம் நிலத்துக்கு, கூலி ஊர்க்காரருக்கு. அரிசியும் அப்படித்தான். வெள்ளையாகத் தீட்டும்போது தவிட்டோடு பி1 வைட்டமினும் போய்விடுகிறது.

வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது அவர் எழுதியதுதான், நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்ற கருத்தை விளக்கும் புகழ்பெற்ற நூல். அதில் இயற்கையிலிருந்தே உதாரணங்கள் எடுத்தார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. நட்டு வளர்க்காமல் மாந்தோப்பில் பறித்துத் தின்னும் குரங்கு ஒரு வகை. கூட்டுக்கே தேன் சேர்க்கும் தேனீ அதைவிட உயர்ந்தது. குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை எல்லாவற்றுக்கும் மேல். மனிதர்களின் பொருளாதாரத்தையும் இப்படியே தரம் பிரித்தார்.

நிலக்கரி, பெட்ரோல் போல எடுக்க எடுக்கக் குறைவதை நம்பி வாழ்வது ஒன்று. வெயில், ஓடும் நீர், முளைக்கும் செடி போல மீண்டும் மீண்டும் கிடைப்பதை நம்பி வாழ்வது வேறொன்று என்றும் பிரித்துக் காட்டினார். மழை ஊறும் கிணற்றுக்கும், ஆண்டுக்காண்டு ஆழம் போகும் போர்வெல்லுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு என்பது அவருடைய முக்கியமான கருத்து. திருட்டுப் பொருளை விலை கொடுத்து வாங்கினாலும் குற்றத்தில் பங்கு உண்டல்லவா? அதுபோல, உழைத்தவருக்குக் கூலி குறைத்தும் நிலத்தைக் கெடுத்தும் உண்டான பொருளை வாங்கினால் அந்தத் தீமையில் நமக்கும் பங்கு என்றார். தூர தேசத்துப் பொருள் எப்படி உண்டானது என்று விசாரிக்க முடியாது. பக்கத்து ஊர்ப் பொருளை விசாரிக்கலாம். அருகில் விளைவதை வாங்கச் சொன்னதன் காரணம் இதுதான். வியாபாரத்தை அவர் வெறுக்கவில்லை. ஊர்த் தேவை போக மிஞ்சியதை வெளியே விற்கலாம் என்றார்.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். அதன் அறிக்கை 1949-ல் வந்தது. ஆனால் நாட்டின் திட்டங்கள் பெரிய தொழிற்சாலைகளின் பக்கம் போயின. ரசாயன உரமும் டிராக்டரும் வேண்டாம் என்ற அவர் பேச்சு எடுபடவில்லை. வேளாண் விஞ்ஞானியாக நான் அதை முழுவதும் ஏற்கவில்லை. மண் பரிசோதனைப்படி அளவாக இடும் உரத்துக்குப் பயிரில் இடம் உண்டு. ஆனால் தொழுவுரம் இல்லாமல் உரத்தை மட்டும் நம்பிய நிலம் இளைக்கும் என்பதில் அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

உடல் நலிந்த நிலையில் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்தார். 1960 ஜனவரி 30, காந்தி மறைந்த அதே நாளில் காலமானார். 1973-ல் இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் ஷூமாக்கர் எழுதிய 'சிறியதே அழகு' நூல் குமரப்பாவின் கருத்தை எடுத்துச் சொன்ன பிறகு, வெளிநாட்டிலும் அவர் பெயர் தெரியவந்தது.

1999 நவம்பர் 14-ம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது அவர் இல்லை. ஆனால் விளைவித்தவரும் உண்பவரும் முகம் பார்த்துப் பேசும் இடம் அது. கமிஷன் கிடையாது, தராசுக்கு வாடகை கிடையாது. விளைச்சல் முழுவதையும் அங்கே விற்றுவிட முடியாது என்பது உண்மைதான். ஒரு பகுதியையாவது கொண்டுபோகலாம். அடையாள அட்டை இல்லாதவர்கள் சிட்டா, அடங்கல், புகைப்படத்துடன் அருகிலுள்ள உழவர் சந்தை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

விற்றுத் திரும்பும்போது பையில் என்ன வாங்கி வருகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பக்கத்து ஊர்க்காரர் விளைவித்த பயறு, செக்கில் ஆட்டிய எண்ணெய், நாட்டு வெல்லம் ஆகியவற்றில் ஒன்றிரண்டாவது இருக்கட்டும். விரிவாக்கப் பணியாளர்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் இதையே ஒரு பயிற்சியாக வைக்கலாம். ஒரு வாரத்தில் ஊரை விட்டு என்னென்ன போகின்றன, ஊருக்குள் என்னென்ன வருகின்றன என்று இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வருபவற்றில் எதை நம் ஊரிலேயே விளைவிக்கலாம் என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.